எங்க தலைவரு

மயில்பாறைத் தோட்டத்து அம்மாக்கண்ணு தன் புருஷனின் பெயரை ஆயுசில் ஒரே ஒரு தடவைதான் வாய்விட்டுச் சொன்னாள். அதையும் ஊர் கூடியிருந்த கூட்டத்தில், ஒலிபெருக்கிக்கு முன்னால் நின்று சொன்னாள். கேட்டவர்கள் பலமாகக் கை தட்டினார்கள். அவர்கள் தட்டாமலே இருந்திருக்கலாம்.

புருஷன் பெயரைப் பெண்டாட்டி சொல்லக் கூடாது, சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்பது லயத்து வரிசை வீடுகளில் எல்லாப் பெண்களும் நம்பிய விஷயம். 'இந்தாங்க' என்பார்கள், 'பிள்ளையோட அப்பா' என்பார்கள், எதுவும் வாய்க்காவிட்டால் இருமிக் காட்டுவார்கள். அம்மாக்கண்ணு இதில் மற்றவர்களைவிட ஒரு படி கூடுதலான பிடிவாதக்காரி. நாற்பத்தெட்டில் கொழும்பில் சட்டம் வந்து தோட்டத்து ஜனங்களின் பிரஜாவுரிமை போயிற்று. பின்னால், விண்ணப்பித்துப் பெற்றுக்கொள்ளலாம் என்று இன்னொரு சட்டம் வந்தது. லிந்துலையில் ஒரு மண்டபத்தில் மேசை போட்டு விசாரித்தார்கள். குமாஸ்தா புருஷன் பெயரைக் கேட்டபோது அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவர் மறுபடியும் அதட்டிக் கேட்டார். அவள் விடுகதை போட ஆரம்பித்துவிட்டாள்.

"மொகத்துல இருக்குறது ஒண்ணுங்க. கடல்ல கெடைக்கிறது ஒண்ணுங்க. ரெண்டயும் சேத்துக்குங்க."

"மூக்கு மீனா?" என்றார் குமாஸ்தா.

வரிசையே சிரித்தது. பின்னால் நின்ற ஒரு கிழவர்தான் இரக்கப்பட்டு, 'அழகு, முத்து. அழகுமுத்துங்க' என்று எடுத்துக் கொடுத்தார். அந்த விண்ணப்பம் கடைசியில் நிராகரிக்கப்பட்டது. அன்றைக்கு அந்த மண்டபத்தில் நின்ற முக்கால்வாசிப் பேருக்கும் அதுதான் நடந்தது. ஆனால் 'மூக்கு மீன்' லயத்தில் நிலைத்துவிட்டது. அழகுமுத்துவே ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது, மூக்கு மீன் வந்துட்டேன், தட்டை வை என்பார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிப்பாள்.

வாயால் சொல்லவில்லையே தவிர, அந்தப் பெயரை அவள் தினமும் தொட்டுக்கொண்டுதான் இருந்தாள். கல்யாணத்தில் வந்த பித்தளைச் செம்பின் கழுத்தில் அவர் பெயரை வெட்டியிருந்தார்கள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனாலும் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துத் தேய்த்து அந்த எழுத்துகளின் வளைவும் சுழியும் அவள் விரலுக்கு மனப்பாடம். எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவாள்.

அழகுமுத்து கவ்வாத்து வெட்டுகிறவர். தேயிலைச் செடியின் தலையை ஒரே சீராக வெட்டித் தள்ளும் கை. பேச்சு மட்டும் அப்படி வெடுக்கென்று வராது, யோசித்துத்தான் வரும். சங்கம் தோட்டத்துக்குள் வந்தபோது ஜனங்கள் அவரைத்தான் தோட்டத் தலைவர் ஆக்கினார்கள். தோட்டத்தில் தலைவர் என்றால் இரண்டு பேர். கொழும்பில் கார் வைத்திருப்பவர் பெரிய தலைவர். லயத்தில் ஈர விறகை ஊதிக்கொண்டிருப்பவர் தோட்டத் தலைவர். சம்பளக் குறைச்சல், ஒழுகுகிற கூரை, பிள்ளைப்பேற்றுக்கு லொறி தராத தொரை, எல்லாவற்றுக்கும் முதலில் வந்து கதவைத் தட்டுவது இந்த இரண்டாவது தலைவரின் வீட்டில்தான்.

அம்மாக்கண்ணுவுக்கு அந்தப் பதவி வேறு விதத்தில் பெரிய உதவியாகப் போயிற்று. புருஷனைக் கூப்பிட ஒரு பெயர் கிடைத்துவிட்டது. தலைவரு சாப்பிட்டாச்சு, தலைவரு பீலிக்குக் குளிக்கப் போயிருக்காரு, தலைவருக்கு இருமலு என்று வாய் நிறையச் சொன்னாள். முதலில் கேலியாகத்தான் ஆரம்பித்தாள். பிறகு அதுவே அவர் பெயராகிவிட்டது.

பெரிய தலைவர் இராமபத்திரனைப் பற்றி இன்றைக்கும் ஆளுக்கு ஒன்று சொல்லுவார்கள். நாற்பத்தெட்டில், உரிமை பறிபோன சமயம், லிந்துலைக் கூட்டத்தில் அவர் மேடையில் பேச முடியாமல் நின்று அழுதார். முன்வரிசையில் இருந்த அழகுமுத்துவும் அழுதார். அப்படி ஒரு மனிதர் தங்களுக்காக அழுகிறாரே என்று வீட்டுக்கு வந்து இரண்டு நாள் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்காக உயிரைக் கொடுக்கத் தயாராக இருந்தவர்களில் அழகுமுத்துவும் ஒருவர்.

ஐம்பத்து நாலில் பேச்சியம்மா என்ற பெண்ணைத் தொரை வேலையை விட்டு நிறுத்தினார். காய்ச்சலோடு கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவள் மலையில் மேற்பார்வை பார்த்த கண்டாக்கை எதிர்த்துப் பேசிவிட்டாளாம். அவளும் பிள்ளைகளும் லயத்துக் காம்பராவைக் காலி பண்ண வேண்டும் என்று உத்தரவாயிற்று. பெரிய தலைவர் வந்தார், பேசினார், தான் சொல்லும்வரை யாரும் கொழுந்தில் கை வைக்கக் கூடாது என்றார். யாரும் வைக்கவில்லை. தோட்டம் கொடுத்துவந்த அரிசி நின்றது. மரவள்ளிக் கிழங்கும் பலாக்கொட்டையும் அவித்துத் தின்று ஜனங்கள் மாதக்கணக்கில் தாங்கினார்கள். பிறகு ஒருநாள் வேலைக்குத் திரும்புங்கள் என்று கொழும்பிலிருந்து செய்தி வந்தது. திரும்பினார்கள். பேச்சியம்மாவை மட்டும் சேர்த்துக்கொள்ளவில்லை. அவள் மூட்டை முடிச்சோடு பூண்டுலோயாப் பக்கம் போனாள். கொஞ்ச நாளில் இராமபத்திரன் பாராளுமன்றத்தில் நியமன உறுப்பினராகப் பதவி ஏற்கும் படம் பேப்பரில் வந்தது.

அடுத்த லிந்துலைக் கூட்டத்தில் அழகுமுத்து எழுந்து நின்று கேட்டார்.

"ஐயா, நீங்க போயி நாற்காலியில உக்காந்துட்டீங்க. பேச்சியம்மா குடும்பம் எங்கங்க உக்காருறது?"

பெரிய தலைவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கூட்டம் முடிந்ததும் பேசுவோம் என்றார். கூட்டம் முடிந்ததும் கார் போய்விட்டது.

அந்த ஒரு கேள்விக்காக அழகுமுத்து தோட்டத் தலைவர் பதவியிலிருந்து தூக்கப்பட்டார். அழகுமுத்துவின் கூடவே திரிந்து அவரிடமிருந்தே பேசக் கற்றுக்கொண்ட செல்லசாமி அந்த இடத்துக்கு வந்தான். சங்கம் இரண்டாக உடைந்தது. மேல் லயம் பழைய சங்கம், கீழ் லயம் புதுச் சங்கம். கீழ் லயத்தார் இராமபத்திரனைத் துரோகி என்றார்கள். அழகுமுத்து புதுச் சங்கத்திலும் சேரவில்லை. அதனால் இரண்டு பக்கமும் அவரை அண்டவில்லை. வாசல் இஸ்தோப்பில் உட்கார்ந்து கத்தி தீட்டிக்கொண்டிருப்பார். வழியில் போகிறவர்கள் குனிந்துகொண்டு போவார்கள்.

தலைவர் என்று கூப்பிட ஊரில் ஒரு வாய்தான் மிச்சம் இருந்தது. அந்த வாய் முன்னைவிடச் சத்தமாகக் கூப்பிட்டது. செல்லசாமி லயத்து வழியாகப் போனால் போதும், அம்மாக்கண்ணு உள்ளே திரும்பி, 'தலைவரு தேத்தண்ணி குடிச்சாச்சா' என்று மலைக்குக் கேட்கும்படி கத்துவாள். வேண்டாம்டி என்று அழகுமுத்து கையைக் காட்டுவார். அவள் கேட்டால்தானே.

அறுபத்திரண்டில் மழைக்காலத்தில் அழகுமுத்து நெஞ்சுச் சளி முற்றிப்போய் ஆசுபத்திரியில் கிடந்தார். அந்த வாரத்தில்தான் பெரிய தலைவர் கொழும்பில் மாரடைப்பில் காலமானார். ரேடியோவில் சொன்னார்கள். பேப்பர்கள் கறுப்புக் கரை கட்டிக்கொண்டு வந்தன. ஒரு தமிழ்ப் பேப்பர் மலைநாட்டின் விடிவெள்ளி மறைந்தது என்று எழுதியது. இன்னொன்று, உயிரோடு இருந்தவரை அவரை வாரத்துக்கு ஒருமுறை கிழித்துக்கொண்டிருந்தது, இப்போது கருத்து வேறுபாடுகளைக் கடந்த பெருந்தகை என்று எழுதியது. இங்கிலீஷ் பேப்பர் கனவான் என்றதாம். சிங்களப் பேப்பரில் உள்பக்கத்தில் நாலு வரி. தொரை கொடியை அரைக்கம்பத்தில் இறக்கச் சொன்னார். மேல் லயத்தில் கறுப்புக் கொடி கட்டினார்கள், கீழ் லயத்தில் யாரோ சீன வெடி கொளுத்தினார்கள். வெடிச் சத்தம் கேட்டு மேல் லயத்து ஆம்பளைகள் கம்போடு இறங்கி ஓடினார்கள். செத்தவர் இவர்களில் யார் வீட்டுக்கும் ஒருநாளும் சாப்பிட வந்ததில்லை, ஆனாலும் இரண்டு மண்டை உடைந்தது.

பார்வையாளர் நேரத்தில் அம்மாக்கண்ணு கஞ்சியோடு போய் விஷயத்தைச் சொன்னாள். அழகுமுத்து சந்தோஷப்படுவார் என்று அவள் நினைத்தாள். அவர் கண்ணில் தண்ணீர் வந்தது.

"கூட்டம் முடிஞ்சதும் பேசுவோம்னாரு. கூட்டமே முடிஞ்சுருச்சு பாரு" என்றார்.

எட்டு வருஷமாக அவர் அந்தப் பதிலுக்குக் காத்திருந்தார் என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. கஞ்சியை ஊட்டினாள். இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. கிளம்பும்போது அவர் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, மூக்கு மீனுக்கு நாளைக்குக் கொஞ்சம் கருவாட்டுக் கொழம்பு கொண்டாந்து குடு என்றார். அவள் சரி என்று வந்தாள்.

மறுநாள் பெரிய தலைவரின் சவ அடக்கம் அட்டனில். விடிந்ததும் பழைய சங்கத்து ஆம்பளைகள் எல்லாரும் தோட்டத்து லொறியில் ஏறிப் போய்விட்டார்கள். தப்படிக்கிறவர்களும் தப்போடு போய்விட்டார்கள். அவர்கள் போன பிற்பாடுதான் ஆசுபத்திரியிலிருந்து ஆள் வந்தது. அழகுமுத்து விடியற்காலையில் இறந்துபோனார்.

அம்மாக்கண்ணு அடுப்பில் கருவாட்டுக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அதை அவள் இறக்கவில்லை, அது அப்படியே தீய்ந்தது. பக்கத்து லயத்தில் இருந்த மகள் மீனம்மாவும் மருமகனும் உடலை எடுத்துவர ஆசுபத்திரிக்கு ஓடினார்கள். அம்மாவை வீட்டில் இருக்கச் சொன்னாள் மீனம்மா. அவளுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. இறங்கி வந்து பெரிய ரோட்டுச் சந்தியில், மைல் கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். தலை அவிழ்ந்து கிடந்தது. தூறிக்கொண்டிருந்தது. அட்டன் பக்கம் போகிற காரும் பஸ்ஸும் கறுப்புத் துணி கட்டிக்கொண்டு அவளைக் கடந்து போயின. அவரைக் கொண்டுவரும் வண்டி மட்டும் வரவில்லை. தோட்டத்து லொறிதான் அட்டனுக்குப் போய்விட்டதே. ஒவ்வொரு வண்டியும் அதுவாக இருக்குமோ என்று எழுந்து பார்ப்பாள், இல்லை என்று தெரிந்ததும் மறுபடி மார்பில் அடித்துக்கொண்டு உட்காருவாள். நேற்றைக்கே அந்தக் குழம்பைக் கொண்டுபோயிருக்கலாமே என்று அவளுக்கு ஆறவில்லை.

அந்த வழியாக ஒரு சாம்பல் நிறக் கார் வந்தது. கொழும்புப் பேப்பர்காரர்கள். கழுத்தில் கமெரா தொங்க ஒருவர் இறங்கினார், கண்ணாடி போட்ட இளைஞர் ஒருவர் குடையோடு இறங்கினார். படம் எடுத்துக்கொண்டார்கள். இளைஞர் குனிந்து, யாருக்காக அம்மா அழுகிறீர்கள் என்று மரியாதையாகத்தான் கேட்டார்.

அம்மாக்கண்ணு அவரை நிமிர்ந்து பார்த்தாள். அவர் யார், எதற்குக் கேட்கிறார் என்று அவளுக்குத் தெரியாது. கேட்டவருக்குச் சொல்ல வேண்டியதைச் சொன்னாள்.

"எங்க தலைவரு போயிட்டாருங்க. என்னைய விட்டுட்டுப் போயிட்டாருங்க."

இளைஞருக்குக் கண் கலங்கிவிட்டது. எழுதிக்கொண்டார். அவளுக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டுக் காரில் ஏறினார்.

வெகுநேரம் கழித்து தலவாக்கலையிலிருந்து முட்டைக்கோஸ் ஏற்றப் போன சிரிசேன என்பவரின் லொறியில் அழகுமுத்து வந்து சேர்ந்தார். சிரிசேனவே இறங்கி ஒரு பக்கம் கை கொடுத்தார். தப்பு இல்லை, சங்கு இல்லை. கீழ் லயத்து ஆம்பளைகள் எட்டிப் பார்க்கவில்லை, தூக்க ஆள் போதாமல் பெண்களும் தோள் கொடுத்தார்கள். மழையில் குழிக்குள் தண்ணீர் ஊறிக்கொண்டே இருந்தது, மருமகன் அதை வாளியால் இறைத்து இறைத்துப் போட்டான். தோட்டத்து ஜனங்களுக்கெல்லாம் கதவாக இருந்த மனிதர் அப்படித்தான் மண்ணுக்குள் போனார். இதை எழுதும்போது ஆத்திரமாகத்தான் இருக்கிறது.

மூன்றாம் நாள் செல்லசாமி ஒரு பேப்பரை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தான். முதல் பக்கத்தில் அம்மாக்கண்ணு. கை மார்பில், வாய் திறந்து, தலை மயிர் நனைந்து. மீனம்மா அஞ்சாம் வகுப்பு வரை படித்தவள், கீழே இருந்ததை வாசித்தாள். 'எங்கள் தலைவர் போய்விட்டார்! மழையிலும் வீதியில் அமர்ந்து கதறும் தோட்டத் தாய்.'

"பழச எல்லாம் மறந்துட்டு நம்ம தலைவருக்காக ரோட்டுல உக்காந்து அழுதுருக்கீங்களேக்கா" என்றான் செல்லசாமி. அவன் குரல் தழுதழுத்தது. நடிப்பில்லை.

"நா எங்க வீட்டுக்காரருக்கு அழுதேன்யா" என்றாள் அம்மாக்கண்ணு.

செல்லசாமி பேப்பரைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது. அழகுமுத்துவை அவள் எப்படிக் கூப்பிடுவாள் என்று தோட்டத்திலேயே அவனைவிட நன்றாகத் தெரிந்தவன் யார்? அவனைக் குத்திக் காட்டத்தானே அத்தனை வருஷம் சத்தம் போட்டாள். பேப்பரில் வந்துவிட்டது, இனி அதை மாற்ற முடியாது என்று சொல்லிவிட்டுப் போனான். அந்தப் படம் கண்ணாடி போட்டுச் சங்கக் காரியாலயத்தில், பெரிய தலைவரின் படத்துக்குக் கீழே தொங்கியது. அதற்கும் மாலை போட்டார்கள்.

மேல் லயம் அவளைக் கொண்டாடியது, அது ஒரு வேதனை. கீழ் லயத்து வேலாயி பீலிக்கரையில் குடத்தை நகர்த்தி வைத்துவிட்டுக் காறித் துப்பினாள், அது இன்னொரு வேதனை. புருஷன் பிணம் ஆசுபத்திரியில் கிடக்கும்போது அந்தத் துரோகிக்கு மாரடித்தவள் என்று வேலாயி சொன்னாள். அம்மாக்கண்ணு தண்ணீரைக் கொட்டிவிட்டு நின்றாள். நான் தலைவரு என்று சொன்னது எங்க வீட்டுக்காரரைத்தான் என்றாள். அவர் எப்போது தலைவர், எட்டு வருஷத்துக்கு முந்தியே அவரை எடுத்துவிட்டார்களே என்று வேலாயி திருப்பிக் கேட்டாள். அம்மாக்கண்ணு காலிக் குடத்தோடு வீட்டுக்குத் திரும்பினாள்.

தோட்டப் பள்ளிக்கூடத்து லியனார்ட் மாஸ்டர் நல்ல மனிதர். நடந்ததை விளக்கி அந்தப் பேப்பருக்கு இரண்டு தடவை எழுதிப் போட்டார். அச்சாகவில்லை. அழகான ஒரு படத்தைக் கெடுத்துக்கொள்ள எந்தப் பேப்பருக்கும் மனம் வராது போலும்.

புருஷன் செத்த துக்கத்தை மனுஷி எப்படியோ தாங்கிவிடுவாள். புருஷனுக்கு அழுத அழுகையை இன்னொருத்தனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்களே, அதை அவளால் தாங்க முடியவில்லை. கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலையில் நிற்கும்போது திடீரென்று கை நின்றுவிடும். செத்துப் போன இடத்திலிருந்து அவர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தால் என்ன நினைப்பார் என்று கேட்பாள். அப்பா அப்படியெல்லாம் நினைக்க மாட்டார் என்று மீனம்மா சொல்லுவாள். கேட்ட ஒரு கேள்விக்குப் பதில் இல்லையென்று எட்டு வருஷம் கழித்தும் ஆசுபத்திரிப் படுக்கையில் அழுத மனுஷன், நினைக்காமல் இருப்பாரா என்பாள் இவள்.

ஒரு வருஷம் ஓடியது. பெரிய தலைவரின் முதல் நினைவு நாள் லிந்துலைத் திடலில். செல்லசாமி வந்து, படத்தில் இருந்த அம்மாவை மேடைக்கு அழைக்க வேண்டும் என்று கொழும்பில் சொல்கிறார்கள் என்றான். மீனம்மா அவனை வாசலோடு திருப்பி அனுப்பப் பார்த்தாள். அம்மாக்கண்ணு நான் வருகிறேன் என்றாள்.

"ஏம்மா? இன்னமும் அசிங்கப்படணுமா?" என்று கேட்டாள் மகள்.

"அங்க மைக் இருக்கும்ல? பேப்பர்காரங்க வருவாங்கள்ல? அவரு பேரச் சொல்லிடுறேன்டி. பேரச் சொல்லாததுனாலதான இவ்வளவும்."

அம்மாவின் வாயிலிருந்து அந்தப் பெயரை மீனம்மா பிறந்ததிலிருந்து கேட்டதில்லை. அம்மாக்கண்ணு அன்றைக்கு முழுக்க அதைப் பழகிப் பார்த்தாள். உதடு அசையும், சத்தம் வராது. சொன்னால் ஆயுசு குறையும் என்று பயந்து பயந்து அடைத்து வைத்த வாய். இனிமேல் குறைவதற்கு அவருக்கு ஆயுசு இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அப்புறமும் சத்தம் வரவில்லை.

திடலில் நல்ல கூட்டம். அக்கம்பக்கத்துத் தோட்டம் பூராவும் வந்திருந்தது, நோட்டன் பிரிட்ஜிலிருந்துகூட லொறி வந்திருந்தது. மயில்பாறை ஜனங்கள், வேடிக்கை பார்க்க வந்த கீழ் லயத்தாரும் சேர்த்து, கடைசியில் வேலி ஓரமாக நின்றார்கள். அவளுக்கு மாலை போட்டார்கள். செல்லசாமி அவள் காதில், ரெண்டு வார்த்தை போதும், அன்றைக்குச் சொன்னதையே சொல்லுங்கள் என்றான். அழகுமுத்து எழுந்து நின்று கேள்வி கேட்ட அதே திடல். அவர் நின்ற இடத்தில் இப்போது ஒரு பெண் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அம்மாக்கண்ணு அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எங்க தலைவரு" என்றாள். கூட்டம் மூச்சு விடாமல் இருந்தது. "எங்க தலைவரு... அழகுமுத்து."

வந்துவிட்டது. ஒலிபெருக்கி அதை வாங்கி எதிர் மலையில் போட்டது, எதிர் மலை திருப்பிக் கொடுத்தது. மேற்கொண்டு ஒரு வார்த்தையும் அவளால் பேச முடியவில்லை. செல்லசாமியின் முகம் வெளுத்துப்போயிற்று. அதற்குள் முன்வரிசையில் யாரோ தட்ட, திடல் முழுவதும் தட்டியது. நெடுநேரம் தட்டியது. அவருக்குத் தட்டுகிறார்கள் என்று அம்மாக்கண்ணு நினைத்தாள். இந்த இடத்தில் நின்று ஒரு நியாயம் கேட்டதற்காக வெளியே தள்ளப்பட்ட மனிதருக்கு, அதே இடத்தில் எல்லாரும் கை தட்டுகிறார்கள். அவள் கும்பிட்டாள். அழுதாள். அந்த ஒரு வருஷத்தில் அவள் சுகமாக அழுதது அன்றைக்குத்தான்.

திரும்பி வரும்போது லொறியில் வேலாயியும் இருந்தாள். ஒதுங்கி உட்கார்ந்து அவளுக்கு இடம் கொடுத்தாள். கொஞ்ச தூரம் போனதும் வெற்றிலையை மடித்து நீட்டினாள். அம்மாக்கண்ணு வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் மாலையில் மீனம்மா டவுனுக்குப் போய்ப் பேப்பர் வாங்கி வந்தாள். வாசலில் நின்றே பிரித்து வாசித்தாள். இப்படி இருந்தது: 'அமரர் இராமபத்திரன் நினைவுக் கூட்டத்தில் உருக்கமான காட்சி. "எங்கள் தலைவர் ஓர் அழகு முத்து" என்று அந்தத் தோட்டத் தாய் தழுதழுத்த குரலில் போற்றியபோது கண் கலங்காதவர் எவருமில்லை.'

"என்னடி போட்டுருக்கான்?" என்று உள்ளேயிருந்து கேட்டாள் அம்மாக்கண்ணு. ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு ஓடி வந்தாள். அந்த முகத்தில் இருந்த ஆசையைப் பார்த்தால் எந்த மகளுக்கும் உண்மையைச் சொல்ல வாய் வராது.

"அப்பா பேரு போட்டுருக்கும்மா" என்றாள் மீனம்மா.

எங்கே என்று கேட்டாள். மீனம்மா விரலை வைத்துக் காட்டினாள். அம்மாக்கண்ணு பேப்பரை விளக்குப் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தாள். பிறகு செம்பை எடுத்து வந்து பக்கத்தில் வைத்துக்கொண்டு, செம்பில் ஒரு எழுத்து, பேப்பரில் ஒரு எழுத்து என்று விரலால் தடவிக்கொண்டே போனாள். நடுவில் விரல் நின்றது.

"இதுல சேந்து இருக்கு. இவன் ஏன் நடுவுல எடம் விட்டு வச்சிருக்கான்?"

"அச்சுல அப்புடித்தாம்மா வரும்."

அம்மாக்கண்ணு வெகுநேரம் அந்த இடைவெளியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். படிக்கத் தெரியாதவள்தான். ஆனால் அந்தப் பெயரைப் பிரித்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியாதா? முகத்தில் இருக்கிறது ஒன்று, கடலில் கிடைக்கிறது ஒன்று என்று லிந்துலை மண்டபத்தில் பிரித்துப் போட்டவளே அவள்தானே. நேற்றுத் திடலில் எதற்குக் கை தட்டினார்கள் என்பது அவளுக்கு அப்போது விளங்கிற்று. அவள் அழவில்லை. மகளைப் பார்க்கவுமில்லை.

எழுந்து போய்க் கூரை இடுக்கிலிருந்து அவருடைய கவ்வாத்துக் கத்தியை எடுத்து வந்தாள். பேப்பரைப் பலகையில் விரித்து, சுற்றியிருந்த எழுத்தையெல்லாம் தள்ளி, அந்த இரண்டு வார்த்தையை மட்டும் வெட்டி எடுத்தாள். பிறகு நடுவில் கத்தியை வைத்து அந்த இடைவெளியைத் தனியாக வெட்டி அடுப்பில் போட்டாள். கொஞ்சம் சோற்றைப் பிசைந்து, சாமி படத்துக்குக் கீழே சுவரில் தடவி, இரண்டு துண்டையும் நெருக்கி வைத்து, ஒன்றோடொன்று சேரும்வரை பெருவிரலால் அழுத்திக்கொண்டே நின்றாள்.

"இப்பச் சரியா இருக்கா பாரு" என்றாள்.

மீனம்மா பார்த்தாள். சரியாக இருக்கிறது என்றாள்.